பத்தாம் படுக்கையின் கல்லீரல்

1950களின் பிற்பகுதியில் லண்டனின் பெரிய போதனா மருத்துவமனை ஒன்றுக்கு டியூட்டி பட்டியல் தீராத தலைவலியாக இருந்தது. அங்கே வார்டு வேலையின் பெரும்பகுதியைச் சுமந்தவர்கள் பயிற்சி மாணவிகள். யாரை எந்த வார்டுக்கு, எத்தனை வாரம் அனுப்புவது என்பதில் படிப்புக்கும் வேலைக்கும் இடையே ஓயாத இழுபறி. இதைச் சீர்செய்ய டாவிஸ்டாக் நிறுவனத்தின் உதவியைக் கேட்டார்கள். வந்தவர் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர். பட்டியலைத் திருத்த வந்தவரின் கண்ணில் பட்டதென்னவோ பயம்.

சேர்ந்த மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரை யாரும் வெளியேற்றவில்லை, தாங்களாகவே போனார்கள். போனவர்களில் நல்ல மாணவிகளும் கணிசமாக இருந்தார்கள் என்பதுதான் உறுத்தியது.

1960இல் வெளியான அவருடைய ஆய்வு, மருத்துவமனைகளின் மனநிலையைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றும் தொடாமல் போகமுடியாத ஒன்று. அந்த மருத்துவமனையில் ஒரு மாணவி ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்துக்கொள்வது என்பதே கிடையாது. ஒருத்தி வார்டு முழுக்கக் காய்ச்சல் பார்ப்பாள், இன்னொருத்தி வார்டு முழுக்கப் படுக்கை விரிப்பாள். நோயாளிக்குப் பெயரும் இருக்காது. பத்தாம் படுக்கையின் கல்லீரல், பதினைந்தாம் படுக்கையின் நிமோனியா என்றுதான் பேச்சு. முகம் பழகும் நேரத்தில் வேறு வார்டுக்கு மாற்றல் வந்துவிடும். ("பன்னிரண்டாம் பெட் கேஸுக்கு ட்ரிப்ஸ் முடிஞ்சுது" என்ற குரலை நம் ஊர் வார்டுகளில் கேட்டவர்களுக்கு லண்டன் அவ்வளவு தூரமாகத் தெரியாது.) நோவையும் சாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற இளம் பெண்கள் கலங்கிவிடாமலிருக்க, மருத்துவமனை தன்னை அறியாமலே எழுப்பிக்கொண்ட வேலிதான் இந்த ஏற்பாடுகளெல்லாம் என்றார் மென்சீஸ். வேலி கட்டியும் பயன் இல்லை. பயம் அப்படியே இருந்தது. நோயாளிக்கு நல்லது செய்தோம் என்ற நிறைவுதான் மாணவிகளுக்குக் கிடைக்காமல் போனது.

சில ஆண்டுகளில் அதே பயத்தை அட்லாண்டிக்கின் மறுபக்கம் வேறொருவர் அளந்தார். ஜீன் க்விண்ட் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ நர்ஸாக இருந்தவர். மார்பகத்தை அகற்றிக்கொண்ட பெண்களோடு பேசி 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். உடம்பு ஆறுவதைப் பற்றி அந்தப் பெண்களிடம் எல்லோரும் பேசினார்கள், அவர்கள் மனதில் ஓடிக்கொண்டிருந்த மரண பயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சமூகவியலாளர்கள் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் ஆகியோரோடு சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோ வட்டார மருத்துவமனைகளில் மனிதர்கள் எப்படி இறக்கிறார்கள் என்பதை உடனிருந்து கவனிக்கும் ஆய்வில் இறங்கினார்.

கிளேசரும் ஸ்ட்ராஸும் 1965இல் எழுதிய நூல், இறந்துகொண்டிருப்பவரைச் சுற்றி நான்கு விதமான நிலைகளைப் பிரித்துக் காட்டியது. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும் என்பது முதலாவது. அவர் சந்தேகப்பட்டுத் துருவுவது இரண்டாவது. எல்லோரும் அறிந்து வெளிப்படையாகப் பேசுவது கடைசி. இவற்றுக்கு நடுவே உள்ள மூன்றாவதுதான் விசித்திரமானது. நோயாளிக்கும் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும், ஆனால் இரு தரப்பும் தெரியாததுபோலவே நடந்துகொள்வார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்று மகன் சொல்வார், சரி என்று அப்பா தலையாட்டுவார், இருவருக்கும் அது நடக்காது என்று தெரியும். இந்த நாடகத்தில் மருத்துவருக்குப் பத்து நிமிட வேடம். ரவுண்ட்ஸ் முடிந்ததும் போய்விடுவார். எட்டு மணி நேரமும் மேடையிலேயே நிற்க வேண்டியவர் நர்ஸ்.

அப்படி நிற்கப்போகிற மாணவிகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்து, 1967இல் க்விண்ட் ஒரு தனி நூல் எழுதினார். இறந்த உடலைத் துடைத்துக் கட்டும் முறை பாடத்தில் இருந்தது. இறந்துகொண்டிருப்பவரிடம் பேசும் முறை பாடத்தில் இல்லை. முதல் மரணத்தை எந்த மாணவி எப்போது சந்திப்பாள் என்பது தற்செயலுக்கு விடப்பட்டிருந்தது. ஆசிரியைகளுக்கே யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பிறகு அவர்கள் எதைச் சொல்லித்தருவார்கள்?

அதே 1967இல் லண்டனின் சிடன்ஹாமில், இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் போர்க்காலத்தில் நர்ஸாகப் பயின்றவர். முதுகுவலி அந்தத் தொழிலைத் தொடரவிடவில்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார், பிறகு முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்தார். மூன்று தொழில்களையும் பார்த்தவர் என்பதாலோ என்னவோ, வலியை உடம்போடு மட்டும் அவர் முடிச்சுப் போடவில்லை. கடைசிக் கட்டத்தில் இருப்பவரின் வலியில் உடல் உபாதையும், வீட்டுக் கடனும், பிள்ளைகளைப் பற்றிய கவலையும், கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்ற கேள்வியும் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கின்றன என்றார். வலி தாங்கமுடியாமல் கத்திய பிறகு மார்ஃபின் ஊசி போடுவது அன்றைய வழக்கம். வலி தலைதூக்கும் முன்பே நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று அதை மாற்றினார்.

இரண்டு ஆண்டு கழித்து வெளிவந்த எலிசபெத் கூப்ளர்-ராஸின் நூல்தான் உலகப் புகழ் பெற்றது. சிகாகோவில் இறக்கும் நிலையில் இருந்த நோயாளிகளையே ஆசிரியர்களாக உட்காரவைத்துப் பேட்டி கண்டார். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் மாணவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கற்பித்தல் முறையில் அது பெரிய துணிச்சல். ஆனால் உலகம் அந்த முறையை விட்டுவிட்டு, அவர் சொன்ன ஐந்து படிகளைப் பிடித்துக்கொண்டது: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனிதர்கள் இந்த வரிசையில்தான் போகிறார்கள் என்பதற்குப் பிற்கால ஆய்வுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வசதியான பதில் என்பதால் பாடப்புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. காலையில் கோபப்பட்டவர் மாலையில் பேரன் கல்யாணத் தேதி பார்க்கச் சொல்வார், இரவில் அழுவார். படிக்கட்டை மனப்பாடம் செய்த மாணவிக்கு அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

இத்தனை எழுதப்பட்டும் வார்டு மாறியதா? 1995இல் அமெரிக்காவின் ஐந்து பெரிய மருத்துவமனைகளில், கடும் நோயுற்ற 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. மருத்துவமனையில் இறந்தவர்களில், நினைவோடு இருந்தவர்களில் பாதிப்பேர் கடைசி நாட்களில் பாதி நேரமாவது மிதமான அல்லது கடுமையான வலியோடு கிடந்ததாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். இதயம் நின்றால் தன்னை மீட்க முயல வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் எண்ணம், அவர்களுடைய மருத்துவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே தெரிந்திருந்தது. 1999இல் பெட்டி ஃபெரல் என்ற நர்ஸ் ஆய்வாளரும் குழுவினரும் 50 செவிலியப் பாடநூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். இறுதிக்காலப் பராமரிப்பு தொடர்பாக அவற்றில் இருந்தது சுமார் 2 சதவீதம். அடுத்த ஆண்டே அவர்கள் ஆசிரியைகளுக்கு முதலில் பாடம் எடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். எல்நெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அது இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியிருக்கிறது.

இத்தகைய வகுப்பில் முதலில் சொல்லித்தரவேண்டியது உடம்பைப் பற்றி. இறப்பின் அருகில் உடல் என்ன செய்யும் என்று தெரியாத மாணவி, தெரியாததைக் கண்டே பாதி பயந்துவிடுகிறாள். கடைசி நாட்களில் மூச்சு ஆழமாகி, மெல்லக் குறைந்து, அரை நிமிடம்போல நின்று, மறுபடி தொடங்கலாம். டப்ளின் மருத்துவர்கள் ஜான் செய்ன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்த மூச்சு இது. தொண்டையில் தேங்கும் சளியை விழுங்கவோ இருமவோ வலுவில்லாதபோது கரகரவென்று ஒரு சத்தம் எழும். நினைவு மங்கிய நோயாளிக்கு அது பெரும்பாலும் தொல்லையாக இருப்பதில்லை என்பதே இத்துறையினரின் கணிப்பு. நொறுங்கிப்போவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள்தான். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, அந்தச் சத்தம் என்ன என்று மகளுக்கு விளக்குவது நர்ஸின் வேலை. கை கால் சில்லிடும், தோலில் ஊதாத் திட்டுகள் தோன்றும், பசி அடங்கிவிடும். சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் சாப்பிடவில்லை என்ற ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த நர்ஸ், அந்தக் குடும்பம் காலமெல்லாம் சுமக்கக்கூடிய குற்ற உணர்விலிருந்து அதைக் காப்பாற்றுகிறார். பால் ஊற்றவேண்டும் என்று வந்து நிற்கும் உறவினரை விரட்டவும் வேண்டியதில்லை. விழுங்கமுடியாதவருக்குப் புரையேறும் என்பதால், பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுங்கள் என்று அவர்கள் கையிலேயே கொடுத்துவிடலாம்.

காது? வான்கூவரில் ஒரு ஹாஸ்பிஸில் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் முடிவை வெளியிட்டார்கள். கூப்பிட்டால் பதில் சொல்லாத நிலைக்குப் போய்விட்டவர்களில் சிலரது மூளையும், ஒலி வரிசையில் வந்த மாற்றத்துக்கு நலமான இளைஞர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. அவர்களுக்குப் பேச்சு புரிகிறது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் படுக்கைக்கு மேல் குனிந்து ஆஸ்பத்திரி பில்லைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்ல இது போதும்.

உடம்பைப் பற்றிய பாடம் எளிது. கடினமானது இரவு இரண்டு மணிக்கு வரும் கேள்வி. "சிஸ்டர், நான் பொழைப்பேனா?"

மாணவியின் வாயில் வரக்கூடிய பதில்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அப்படியெல்லாம் பேசக்கூடாது, உங்களுக்கு ஒன்றுமில்லை. காலையில் டாக்டர் வருவார், அவரிடம் கேளுங்கள். தூக்கம் வரவில்லையா, மாத்திரை தரட்டுமா? மூன்றும் ஓடிப்போகும் வழிகள். இங்கிலாந்தில் சூசி வில்கின்சன் 1991இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் வார்டு நர்ஸ்கள் நோயாளிகளோடு நடத்திய உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து அலசினார். நர்ஸ்களின் பேச்சில் பாதிக்கும் மேற்பட்டது நோயாளியின் கவலையை மேலெழ விடாமல் தடுக்கும் பேச்சு. யாரும் இரக்கமில்லாதவர்கள் அல்ல. திறந்தால் மூடத் தெரியாதே என்ற பயம்தான்.

வகுப்பில் இப்போது கற்றுத்தருவது, உடனே ஆம் இல்லை சொல்லாதே என்பது. "இன்னிக்கு ராத்திரி அப்படி என்ன தோணுது, ஐயா?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாணவிகளுக்குப் பயிற்சியில் மிகக் கடினமாக இருப்பது இந்த மௌனம்தான். அவர் கேட்க விரும்பியது பெரும்பாலும் வேறாக இருக்கும். மூச்சுத் திணறிச் சாவேனோ, என் மனைவிக்கு யார் இருக்கிறார்கள், என்னை வீட்டுக்கு அனுப்புவார்களா? இவற்றில் பலவற்றுக்கு ஒரு நர்ஸால் உண்மையான பதில் சொல்ல முடியும்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்குப் பரவலாகக் கற்பிக்கப்படும் ஆறு படி முறை 2000இல் வெளியானது. தனியிடத்தில் உட்கார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள், எளிய சொல்லில் சொல், அவர் உணர்ச்சிக்கு இடம் கொடு, அடுத்து என்ன என்று பேசு. உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் பக்மன் கனடாவில் வாழ்ந்த புற்றுநோய் மருத்துவர். தொலைக்காட்சி நகைச்சுவை நடிகரும்கூட. எந்த வார்த்தைக்குப் பிறகு எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு இரண்டு தொழிலிலும் தேவைப்பட்டிருக்கும்.

இந்தியக் குடும்பங்களில் வேறொரு முடிச்சு முதலிலேயே விழுகிறது. வார்டு வாசலில் மகன் மடக்குவார்: "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், மனசொடஞ்சு போயிடுவாரு." சட்டம் பேசி அவரோடு மோதுவதால் பயனில்லை. மறைப்பது பாசத்தால் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள், மறைத்து மறைத்து உங்களுக்கு எப்படி இருக்கிறது, அப்பா ஏதாவது கேட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். பாதி நேரம், அப்பாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்பது மகனுக்கே தெரிந்திருக்கும். சொன்னால் மனம் உடையும் என்ற நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளிகள் 332 பேரைத் தொடர்ந்து கவனித்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், மருத்துவரோடு கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசியவர்களிடம் மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவு கூடியிருக்கவில்லை. கடைசி வாரத்தில் வென்டிலேட்டரும் ஐ.சி.யூ.வும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தன. அவர்கள் அமெரிக்கர்கள், நம் வீடுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மறைப்பதே கருணை என்று சாதிப்பவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு ஆதாரம் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் உண்மையான நோயாளியிடம் தட்டுத் தடுமாறிப் பழகக்கூடாது என்பதால் ஒத்திகை வந்தது. தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ் 1963இலேயே நடிகர்களை நோயாளிகளாக்கி மாணவர்கள் முன் படுக்கவைத்தவர். வகுப்பில் பொம்மை நோயாளியின் வரலாறு இன்னும் சுவையானது. 1960இல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், உயிர்மீட்புப் பயிற்சிக்காக ஒரு பொம்மை செய்தார். அதற்கு அவர் கொடுத்த முகம், பாரிஸின் சேன் நதியில் மூழ்கிய பெயர் தெரியாத பெண்ணுடையது என்று சொல்லப்படும் சாவு முகமூடியிலிருந்து எடுத்தது. இறந்தவளின் முகத்தை வைத்துக்கொண்டு உயிர்பிழைக்கவைக்கப் பயின்றார்கள். இன்றைய பொம்மைகள் மூச்சு விடும், முனகும். பயிற்சியின் நடுவே பொம்மையை "இறக்க" விடலாமா என்று கற்பிப்பவர்களிடையே நெடுங்கால விவாதம் உண்டு. மாணவி தன் தவறால்தான் இறந்தது என்று நினைத்துவிடக்கூடாது என்கிறது ஒரு தரப்பு. வார்டில் சரியாகச் செய்தும் இறக்கிறார்களே என்கிறது மறுதரப்பு. இரண்டாவதன் பக்கமே நியாயம் கனமாக இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டு, முடிந்தபின் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கினால் போதும்.

ஒத்திகை பலிக்கிறதா? 2013இல் ராண்டல் கர்ட்டிஸ் குழு வெளியிட்ட சோதனை இத்துறைக்குக் கிடைத்த நல்ல அடி. 391 பயிற்சி மருத்துவர்கள், நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியில் இருந்த 81 பேர், இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். ஒரு பாதிக்கு நடிகர்களை வைத்து எட்டு அமர்வுப் பயிற்சி, மறு பாதிக்கு வழக்கமான படிப்பு. பயிற்சி பெற்றவர்கள் நடிக நோயாளிகளிடம் முன்னேற்றம் காட்டினார்கள். ஆனால் உண்மையான நோயாளிகளையும் குடும்பத்தினரையும் கேட்டபோது, பேச்சின் தரத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை என்றார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் சிகிச்சை பெற்ற நோயாளிகளின் மனச்சோர்வு மதிப்பெண் சிறிதளவு கூடவே இருந்தது. சோகத்துக்கு இடம் கொடுத்ததால் சோகம் வெளியே வந்தது என்று விளக்கம் சொல்லலாம். அது நிரூபிக்கப்பட்டதல்ல. வகுப்பறையில் கற்ற வாக்கியங்கள் வார்டுவரை போய்ச் சேருவதில்லை என்பதே நேரான வாசிப்பு.

போய்ச் சேராமல் தடுப்பது எது என்பதற்கு வில்கின்சனின் பழைய ஆய்விலேயே குறிப்பு இருக்கிறது. ஒரு நர்ஸ் நோயாளியின் பயத்தைப் பேசவிடுவாரா, தடுப்பாரா என்பதைத் தீர்மானித்த காரணங்களில் முக்கியமானது வார்டுச் சூழல். அதை உருவாக்குபவர் வார்டு சிஸ்டர். அவர் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுபவராக இருந்தால் மற்றவர்களும் பேசினார்கள். "அங்க என்ன கதை, ஊசி போட்டாச்சா?" என்று கேட்பவராக இருந்தால், எந்தக் கல்லூரியில் படித்த மாணவியும் இரண்டே வாரத்தில் நாற்காலியை இழுத்துப்போடுவதை நிறுத்திவிடுவாள். மென்சீஸ் கண்ட வேலி இதுதான். மாணவியின் தலைக்குள் மட்டும் இருந்தால் வகுப்பெடுத்து எடுத்துவிடலாம். அது டியூட்டி பட்டியலில் இருக்கிறது.

சூழலை மாற்றப் பணம் தேவையில்லை என்பதற்கு ஒரு சான்று அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் கிடைத்தது. ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற அவசரப் பிரிவு நர்ஸ், 2009 வாக்கில், உயிர்மீட்பு முயற்சி தோற்று ஒருவர் இறந்ததும் குழுவினரை ஒரு நிமிடம்போல அப்படியே நின்று மௌனம் காக்கச் சொன்னார். இவரும் யாரோ ஒருவருக்கு வேண்டியவர், நாமும் முயன்றோம் என்று சில சொற்கள், பிறகு அமைதி. அடுத்த கேஸுக்கு ஓடுவதற்கு முன் அவ்வளவுதான். இந்த வழக்கம் பிற மருத்துவமனைகளுக்கும் பல நாடுகளுக்கும் பரவியது.

இந்தியாவில் இந்தப் பேச்சு இப்போது சட்டத்தோடும் கலந்துவிட்டது. உயிர்நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். இதைப் பற்றிய முதல் சந்தேகத்தை ஒரு குடும்பம் கேட்கப்போவது பக்கத்தில் நிற்கிற நர்ஸிடம்தான். 2021இல் இந்திய நர்சிங் கவுன்சில் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், வலிதணிப்புப் பராமரிப்பு 20 மணி நேரத் தனிப் பகுதியாக, கிளினிக்கல் நேரத்திலேயே முடிக்கவேண்டியதாக இடம்பெற்றிருக்கிறது. கரும்பலகையை விட்டு வார்டுக்குப் போனது சரியான முடிவு.

ஆனால் வார்டில் அந்த மாணவியைப் பார்த்துக்கொள்பவருக்கு இந்தப் பாடம் எப்போதும் இருந்ததில்லை. ஆகவே கல்லூரி முதல்வர்களும் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்களும் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அந்த 20 மணி நேரத்தில் வார்டு இன்-சார்ஜ் சிஸ்டர்களையும் மாணவிகளோடு உட்காரவையுங்கள். முதல் மரணத்தைப் பார்க்கும் மாணவியோடு அன்றே அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியவர் யார் என்பதை, அவர் பெயரோடு டியூட்டி பட்டியலில் எழுதுங்கள்.